மரமரப்பான்

இறைச்சி வாட்டுகிற மணம் என்றுதான் நிசாந்தினி முதலில் நினைத்தாள்.

காலை பத்தரை மணி இருக்கும். ஆய்வுகூடத்தில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. கீழ்க்கொட்டகையில் வேர் சீவும் பெண்கள் இந்த நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்த்தாலும் ரொட்டியும் சம்பலும்தான் இருக்கும்; தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் கிடந்தது. நின்ற இடத்திலேயே அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மோந்து பார்த்தாள். வெளியே மூடுபனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஈர மண், பழைய பலகைகளுக்குள் ஊறிப்போன தேயிலைத் தூள், அவளுடைய குடுவையில் ஆவியாகிக்கொண்டிருந்த மெதனோலின் மெல்லிய இனிப்பு, எல்லாம் வழக்கமான மணங்கள்தான். அவற்றுக்கு நடுவே இந்தப் புது மணம், கொழுப்பு உருகுவதுபோல, மிக அருகில் இருந்தது.

குனிந்தபோது புகை தெரிந்தது. நூல்போல ஒரு புகை. அது அவளுடைய இடது கையிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

பெருவிரல் சூடேற்றும் தட்டின் மேல் கிடந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இழுத்தபோது தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டு, நாடாவைப்போல நீண்டு, பிறகு அறுந்தது. அவள் அலறுவதற்காக வாயைத் திறந்து, அலறல் வரும் என்று காத்திருந்தாள். நோகவில்லை. கொஞ்சமும் நோகவில்லை. கருகிய ஓரத்துக்குக் கீழே இரத்தம் இருந்திருக்க வேண்டும், இல்லை. வெள்ளையாக, ஈரமாக, நார் நாராக ஏதோ இருந்தது.

அதை நீண்ட நேரம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. துணி சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பதினொரு நாளாக அவளுடைய தொடையும் நோகவில்லை.

அந்தத் தொடைக்குள் ஒரு ஷெல் துண்டு இருந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்தில், எலும்போடு போய் ஒட்டிக்கொண்டது. எடுத்தால் காலும் போகும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம். பேராதனையில் இரசாயனம் படித்த நாலு வருடமும் விரிவுரை மண்டபத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தாள். குளிர் விடியல்களில் யாரோ உள்ளேயிருந்து ஆணி அடிப்பதுபோல இருக்கும். முப்பது வயதில் ஒரு முழு இரவு தூங்குவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது பதினொரு நாள் தூங்கியிருக்கிறாள். அதனால், துணி சுற்றிய விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

கொஸ்லந்தைக்கு மேலே, பெரிய ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே, மூடிக் கிடந்த தேயிலைப் பெக்டரி அது. கொழும்புக் கம்பெனி ஒன்று அதை எடுத்து, கீழ்த்தளத்தில் ஆய்வுகூடம் போட்டிருந்தது. முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடியில் இப்போது வேர் காய்ந்தது. பெக்டரிக்குப் பின்னாலிருந்த ஒரே ஒரு சரிவில் மட்டும் படர்ந்த கொடியின் வேர். கீழே தொழிலாளர் வரிசைவீடுகளில், லயத்தில், இருந்த சனங்கள் அதை மரமரப்பான் என்றார்கள். பல்வலிக்கு ஒரு கிள்ளு மெல்லுவார்கள். சேற்றுப்புண்ணுக்கு அரைத்துத் தடவுவார்கள். ஒரு கிள்ளுதான், அதற்கு மேல் யாரும் தொடுவதில்லை.

அந்த ஒரு கிள்ளுக்குள் இருக்கும் நூறு சரக்கில் மரக்கச் செய்வது எதுவோ, அதை மட்டும் தனியே பிரித்தெடுப்பதுதான் அவளுடைய வேலை. வேர்த்தூளை மெதனோலில் ஊறவைத்து வடிப்பாள். வடித்ததைச் சுழலும் குடுவையில் இளஞ்சூட்டில் வற்றவைத்தால் பாகுபோல ஒரு கறுப்புக் குழம்பு மிஞ்சும். வெள்ளைச் சிலிக்காத் தூள் நிரப்பிய நெடுங்கண்ணாடிக் குழாயின் தலையில் அந்தக் குழம்பை வைத்து மேலிருந்து கரைப்பானை ஊற்றினால், உள்ளே இருப்பவை ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, பச்சையும் மஞ்சளும் தவிட்டு நிறமுமாகப் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். சொட்டுச் சொட்டாகப் பிடித்து, ஒவ்வொரு சோதனைக் குழாயிலிருந்தும் ஒரு துளியைத் தகட்டில் இட்டு, ஊதா விளக்கின் கீழே பார்க்க வேண்டும். எத்தனை சரக்கோ அத்தனை புள்ளி. ஒரே ஒரு புள்ளி தெரிந்தால் அது சுத்தம்.

"எத்தினை புள்ளி?" என்றுதான் இரகுநாதன் எப்போதும் கேட்பார். அவர் பதுளையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஜீப்பில் வருகிற மேலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய படிப்புப் படித்தவர். அந்த வெள்ளிக்கிழமையும் வாசலில் நின்றபடியே அதைத்தான் கேட்டார்.

"மூண்டு, சேர்."

"மூண்டெண்டால் அது கசாயம். கசாயம் காய்ச்ச உம்மை இஞ்சை கூப்பிடேல்லை. எனக்கு ஒரு புள்ளி வேணும்." அவருடைய கண் அவளுடைய கையில் நின்றது. "விரலிலை என்ன?"

"சுட்டுப்போட்டுது, சேர்."

"நோகுதோ?"

"இல்லை."

அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து, திகதி போட்டு எதையோ எழுதினார். எழுதி முடித்ததும் கதிரையைக் காலால் பின்னுக்குத் தள்ளி இரண்டடி விலகி உட்கார்ந்தார். அப்போதுதான் நிசாந்தினி அவரை முழுமையாகக் கவனித்தாள். கதிரையில் உட்காரும்போதும் அவர் கையுறையைக் கழற்றவில்லை. குடிக்கிற தண்ணீரைப் பதுளையிலிருந்து போத்தலில் கொண்டு வந்திருந்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் இங்கே ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"சேர், பிரிச்செடுத்த பிறகு மிஞ்சிற கழிவு நிறைஞ்சுபோச்சு. ரெண்டு பீப்பாயும் வழியுது."

"கானுக்குள்ளை ஊத்தும்."

"அந்தக் கான் லயத்துப் பீலிக்குத்தான் போகுது. சனம் குடிக்கிற தண்ணி."

இரகுநாதன் கொப்பியை மூடினார். குரலை உயர்த்தவேயில்லை. "நிசாந்தினி, உம்மடை கால் இப்ப எப்பிடி இருக்கு?"

அவள் தன் காலைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் உம்மை வீட்டை அனுப்பினால் ஒரு கிழமையிலை நோ திரும்பி வரும். பழையபடி வராது, சேர்த்து வைச்சு வரும். யோசிச்சு முடிவெடும்."

அவர் போன பிறகு அவள் பீப்பாய்களின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அப்புறம் ஒன்றைச் சாய்த்தாள். தவிட்டு நிறத் தண்ணீர் பெக்டரியோரத்துக் கான் வாய்க்காலில் சத்தமில்லாமல் ஓடி மூடுபனிக்குள் போய் மறைந்தது. மற்றதையும் சாய்த்தாள்.

அடுத்த வாரம் முழுக்க மழை. பழைய டீமேக்கர் குவாட்டர்ஸில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பெக்டரிக்குப் புல்லுக்குள் இருநூறு அடி நடக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் சப்பாத்தைக் கழற்றியபோது இடது பாதத்தில் ஏழு அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மலைநாட்டில் அட்டை புதிதல்ல. ஆனால் குடித்துப் பருத்த அட்டையைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இவை சுருங்கி, வெளிறி, ஊறிப்போன தும்புபோலக் கிடந்தன. ஒன்றைத் தொட்டதும் உதிர்ந்து விழுந்தது. கடித்த இடத்தில் ஒரு சின்ன வாய். அதன் ஓரத்தில் பால்போல ஒரு சொட்டு.

அட்டைகள் செத்திருந்தன. அவளைக் குடித்து.

மேசை லாச்சியிலிருந்து ஊசியை எடுத்துப் பாதத்தில் குத்தினாள். கணுக்காலில் குத்தினாள். முழங்காலுக்குக் கீழே, மேலே, தொடையில். ஊசி உள்ளே போவதைக் கண்தான் சொன்னது, கால் சொல்லவில்லை. வயிற்றுக்கு வந்தபோது சுள்ளென்றது. அந்தச் சுள்ளென்ற நோவு கிடைத்ததும் அவள் அழுதாள். அது நிம்மதியா பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். பஸ் ஏறினால் ஹல்துமுல்லை, அங்கிருந்து கொழும்பு. அப்புறம் ஆணி அடிக்கும் அந்த விடியல்கள். அந்த எண்ணத்துக்கே தொடை குளிர்ந்ததுபோல இருந்தது. நாளைக்கு யோசிக்கலாம் என்று வைத்தாள்.

மறுநாள் காலை இராக்கம்மா ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றாள். வேர் சீவும் ஐந்து பெண்களுக்கும் மூத்தவள் அவள். மூன்று மாதமாகக் காலையில் ஒரு தலையசைப்புக்கு மேல் அவள் நிசாந்தினிக்குத் தந்ததில்லை. கொட்டகைக்குள் நிசாந்தினி நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். வெளியே போன பிறகுதான் சிரிப்பு திரும்பும்.

"மிஸ், ஒன்னு கேக்கணும்."

"சொல்லுங்கோ."

"கான்ல ஏதாச்சும் ஊத்துறீங்களா?"

நிசாந்தினி கையிலிருந்த குழாயை வைத்தாள். "ஏன் கேக்கிறியள்?"

"எங்க வீட்டுக்காரரு தம்பையா, முந்தாநாளு மம்பட்டியால கால்ல கொத்திக்கிட்டாரு. விரல் மூனு போயிருச்சு. அது தெரியாமயே வேலை முடிஞ்சு நடந்து வந்து, ஒக்காந்து டீ குடிக்கிறாரு. நாந்தான் பாத்தேன்." அவளுடைய கண் நிசாந்தினியின் முகத்தைவிட்டு அசையவில்லை. "ரத்தமே வரலைங்க. பச்ச வாழத்தண்ட வெட்டுனா வருமே, அந்த மாதிரிதான் வந்துச்சு."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். சொல் வாய்வரை வந்தது.

"ஒண்டும் ஊத்திறேல்லை," என்றாள் நிசாந்தினி.

இராக்கம்மா தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் அதத்தான் சொன்னேன். யாருக்கும் வலி இல்ல, மூட்டு கடுக்கல, கொழந்தைங்க அழுவல. இதுல என்ன கொறைன்னு." வாசலில் இறங்கும்போது திரும்பினாள். "நாளையிலேர்ந்து நாங்க மேல வரல மிஸ். லயத்துலயே சீவி வச்சிர்றோம். கூடை காலையில கேட்டு வாசல்ல இருக்கும்."

குழந்தைகள் அழுவதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அந்த அமைதி காதில் விழத் தொடங்கியது. பெக்டரிக்குக் கீழே லயத்தில் முப்பது குடும்பம். ஜன்னலைத் திறந்தால் எந்நேரமும் ஏதாவது சத்தம் மேலே ஏறி வரும்: சண்டை, ரேடியோ, நாய், பீலியடியில் வாளி உருளும் ஓசை, எங்காவது ஒரு கைக்குழந்தையின் வீரிடல். இப்போது மூடுபனிக்குக் கீழே ஒன்றுமில்லை. ஊர் காலியானதுபோல என்றால் அதுவுமில்லை, அடுப்புப் புகை மணத்தது. ஆட்கள் இருந்தார்கள். சத்தம்தான் இல்லை.

கூடைகள் சொன்னபடி வந்தன. தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வாழையிலை போட்டு மூடியிருந்தது. மண் இல்லை. முந்திய வேரைவிட வெண்மை, முந்தியதைவிட ஈரம். வடித்து, வற்றவைத்து, குழாயில் ஏற்றியபோது பச்சைப் பட்டையும் மஞ்சள் பட்டையும் வரவில்லை. வெளிர்நீலமாக ஒரே ஒரு பட்டை, உச்சியிலிருந்து அடிவரை கலையாமல் இறங்கியது. தகட்டை விளக்கின் கீழே பிடித்தாள்.

ஒரு புள்ளி.

செவ்வாய்க்கிழமை இரகுநாதன் அந்தத் தகட்டைக் கையில் வாங்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, உயர்த்திக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அவருடைய முகத்தில் அவள் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டாள்.

"என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை, சேர். இந்த வேர்தான் வேறை மாதிரி. ஏற்கெனவே சுத்தமாக்கினது மாதிரி."

"அப்ப இதே வேரைக் கொண்டுவரச் சொல்லும். கூடை குறையக்கூடாது. கூட்டச் சொல்லும்." அவர் போகும்போது படியிறங்கும் வழியை விட்டு, கானைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

புதன்கிழமை காலை காவல்காரர் ஜுனைதீன் பயணப்பையோடு வந்து நின்றார். பதுளைக்காரர், அறுபது வயது, ஒரு நாளும் வேலைக்குத் தவறாதவர்.

"நான் போறேன் மிஸ். சாவிய இந்தா வச்சிட்டேன்."

"ஏன், என்ன நடந்தது?"

"லயத்து நாயெல்லாம் போயிருச்சு. ஒன்னு ரெண்டு இல்ல, எல்லாம். கட்டியிருந்ததும் கயித்த அறுத்துக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடிருச்சு. நாய் போற எடத்துல நான் இருக்க மாட்டேன்." பையைத் தோளில் மாட்டினார். போகாமல் நின்றார். "மிஸ், இந்த வேர் எங்கேர்ந்து வருது?"

"பின்னாலை சரிவிலையிருந்து."

"நான் நேத்து அந்தப் பக்கம் போனேன். அங்க ஒரு கொடி இல்ல. தோண்டித் தோண்டி எடுத்து எப்பவோ தீந்துபோச்சு. புல்லு மொளச்சிருக்கு. ஒரு கெழமைக்குக் கொறையாது."

லயத்திலிருந்து ஆறு நாளாகக் கூடை வருகிறது. அன்று காலையும் வந்திருந்தது, மூன்று கூடை.

ஜுனைதீன் கேட்டைக் கடந்து, ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மூடுபனி அவரை இடுப்பு வரை மூடியது, பிறகு தலையையும். அதற்கப்புறம் பெக்டரியில் அவளும் கூடைகளும்தான்.

அவள் ஒரு கூடையை மேசைக்கு இழுத்து இலையை விலக்கினாள். வில்லைகள் ஈரமாக மின்னின. மோந்து பார்த்தாள். மரமரப்பானின் கசப்பு மணம்தான். அதற்கு அடியில் வேறொரு மணம். தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்த்த எண்ணெயும் வெயிலும் வேர்வையும் கலந்த, பஸ்ஸில் பக்கத்து ஆளிடமிருந்து வருகிற மணம்.

சீவுகிறவர்களின் கைமணமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நார். நார். நார். ஒன்றில் ஒரு முடிச்சு இருந்தது. வேரில் கணு இருக்கும், இதுவும் கணுதான். வட்டமாக, ஒரு பட்டாணி அளவு, விளிம்பு சுருங்கி நடு குழிந்து, தோல் மினுமினுப்பாக.

அவள் இடது சட்டைக் கையை மேலே சுருட்டினாள். மேற்கையில், சின்ன வயதில் குத்திய தடுப்பூசியின் தழும்பு. வட்டமாக, ஒரு பட்டாணி அளவு. விளிம்பு சுருங்கி.

வில்லையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அது கையிலிருந்து விழுந்தது.

மத்தியானம் இரண்டு மணி. பகல்தான் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு படிகளில் இறங்கினாள். பகல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. முன்னால் நீட்டிய கையின் நுனி தெரியவில்லை. கால் எங்கே படுகிறது என்பது தெரியாததால் ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்து இறங்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாம் தடவை எழுந்தபோது முழங்காலில் ஒரு கல் செருகிக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கி எறிந்தாள். பக்கத்தில் கான் ஓடிக்கொண்டிருந்தது, அவளோடு கூடவே, கீழே.

தேயிலைச் செடிகள் முடிந்து பீலியடி வந்தது. தண்ணீர் விழும் ஓசை. யாரும் இல்லை. ஒரு வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அப்புறம் இன்னொரு ஓசை.

சரக். சரக். சரக்.

மெதுவாக, ஒரே சீராக. ஒரு கத்தி அல்ல. பல கத்திகள்.

லயத்தின் நீண்ட கூரை மூடுபனிக்குள்ளிருந்து கொஞ்சங்கொஞ்சமாக வெளியே வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, அதன் விளிம்பில் நீளப்படி. படியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள், ஆண்கள். மடியில் சாக்கு விரித்திருந்தார்கள். நடுநடுவே கம்பெனிக் கூடைகள். எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவசரமில்லாமல், பேச்சில்லாமல். அவளுடைய காலடி கேட்டு இராக்கம்மா நிமிர்ந்தாள்.

"வாங்க மிஸ்," என்றாள். "நீங்களே வந்துட்டீங்களா."

இத்தனை மாதத்தில் இல்லாத கனிவு அந்தக் குரலில்.

இராக்கம்மாவின் வலக்கையில் சீவுகத்தி. இடக்கை மடியில் கிடந்தது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை அது தோலுரித்த கரும்பைப்போல மெலிந்து, வெள்ளையாக, ஈரமாக இருந்தது. விரல்கள் அப்படியே இருந்தன. கண்ணாடி வளையல் மணிக்கட்டுக்கு மேலே தளர்ந்து, பிடிப்பில்லாமல் முழங்கைவரை வழுகிப்போய்க் கிடந்தது. கத்தியை முழங்கைக்கு மேலே வைத்து, கரட் சீவுகிறவளைப்போல, வெளிப்பக்கமாக இழுத்தாள். சரக். ஒரு வில்லை சுருண்டு கூடையில் விழுந்தது. சீவிய இடத்தில் பால் கசிந்தது.

பக்கத்தில் தம்பையா. காலை மடித்துப் போட்டு, கெண்டையில்.

அதற்கு அப்பால் மற்றவர்கள்.

நிசாந்தினி கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். வாய் திறந்திருந்தது, காற்று போனது. நாக்கு வாய்க்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"வேர் தீந்துபோச்சுங்க," என்றாள் இராக்கம்மா, விளக்கம் சொல்கிற குரலில். "கூடை கொறையக்கூடாதுன்னு பதுளத் தொர முன்னமே ஆள் விட்டுச் சொன்னாரு. என்ன செய்றதுன்னு பாத்தோம். அப்பறம் பாத்தா, எங்ககிட்டயே இருக்கு." சிரித்தாள். "வலிக்கல மிஸ். ஒரு பொட்டு வலிக்கல."

ஓட வேண்டும். மேலே, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு. ஜுனைதீன் போன வழியில். அவள் காலுக்குச் சொன்னாள். கால் நின்றது. திரும்பவும் சொன்னாள். குனிந்து பார்த்தாள். காலில் சப்பாத்து இல்லை, எங்கே கழன்றதென்று தெரியவில்லை. பாதம் ஈர மண்ணுக்குள் கணுக்கால்வரை புதைந்திருந்தது. விரல்கள் மண்ணுக்குள் மெதுவாக நெளிவதைக் கண்டாள். அவள் அசைக்கவில்லை.

சரக். சரக்.

இராக்கம்மா கத்தியைச் சாக்கில் துடைத்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நிசாந்தினியின் இடது கையைத் தன் வலக்கையால் பிடித்து, சட்டைக் கையைப் பக்குவமாக மேலே சுருட்டிவிட்டாள். முழங்கைக்குக் கீழே சதையை அழுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தினாள். பிறகு பெருவிரல் நகத்தை ஊன்றி, சந்தையில் காய் பார்க்கிறவளைப்போல, ஒரு கீறல் போட்டாள்.

இருவரும் அந்தக் கீறலைப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு எழுந்தது. பாலும் இல்லை, இரத்தமும் இல்லை. இரண்டும் கலந்த இளஞ்சிவப்பு.

இராக்கம்மா நகத்தைச் சேலையில் துடைத்தாள். படியில் இருந்தவர்கள் கையை நிறுத்தி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் முத்தல," என்றாள் அவள் அவர்களிடம். "ரெண்டு நாள் போகட்டும்."

சரி என்பதுபோலத் தலைகள் அசைந்தன. தம்பையா கத்தியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, இடுப்பால் உந்தி உந்தி ஒரு பக்கமாக நகர்ந்தார். அவருக்கு அடுத்தவள் நகர்ந்தாள். அதற்கடுத்தவளும். படியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டானது. யாரோ அதில் ஒரு புதுச் சாக்கை உதறி, சுருக்கமில்லாமல் விரித்து வைத்தார்கள்.